ஏன் ஏன் என்று கேட்கிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன், கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆறேழு வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கத்தில் அன்றாடம் மண்டையைக் குடைகிற கேள்வி, வலது பக்கத்தில் பதில், கிடைத்தால். பாதி நேரம் கிடைக்காது. இந்த நோட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் ரயிலில், கல்யாணப் பந்தியில், மொட்டை மாடியில் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரே மாதிரி விசாரிக்கிறார்கள். திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை? எல்லோரையும் போலப் பேசாமல் இருந்துவிட்டுப் போகக் கூடாதா?

இருந்தேன், நாற்பது வயதுவரை அப்படித்தான் இருந்தேன். 2004-ல் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே, "வருஷம் நாப்பதாயிரம், பத்தே வருஷம் கட்டு, போட்ட காசு ரெண்டு மடங்கா வரும்" என்று ஒரு பாலிசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற நான் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை: ரெண்டு மடங்கு சரி, எத்தனை வருஷத்தில்?

பதினாலு வருஷம் கழித்து ஒரு மழை நாளில் பீரோவைக் குடைந்தபோது அந்தப் பத்திரம் கையில் கிடைத்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் கட்டியது நாலு லட்சம், இருபதாவது வருஷ முடிவில் வருவது எட்டு லட்சம். ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் நாலரை சதவீதம். நான் கையெழுத்துப் போட்ட அதே 2004-ல் தபால் ஆபீஸில் பிபிஎஃப் என்கிற நீண்ட காலச் சேமிப்புக் கணக்குக்கு 8 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலிசியில் ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கிறது, அதற்கு உண்டானதைக் கழிக்க வேண்டும்தான், கழித்தாலும் வயிறு எரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். சொன்னபடி ரெண்டு மடங்குதான் வந்தது. நான்தான் தலையாட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்துக் கடையில் நோட்டு வாங்கினேன்.

ஆழமாக யோசிப்பது என்றால் தத்துவம் படிக்க வேண்டுமா?

படித்தால் நல்லது, படிக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. எனக்குத் தெருப் பலகையிலிருந்துதான் ஆரம்பித்தது.

எங்கள் பேட்டையில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. பல வருஷம் அதில்தான் காய்கறி வாங்கியிருக்கிறேன், ஸ்கூட்டருக்குக் காற்று அடித்திருக்கிறேன். ஒரு நாள் சிக்னல் மாதிரி ஒரு நெரிசலில் நிற்கும்போது பலகையைப் படித்தேன், முதல் தடவையாக நிஜமாகவே படித்தேன். ஏரி தெரிகிற சாலையாம். எங்கே ஏரி? அக்கம்பக்கத்தில் ஒரு குட்டைகூடக் கிடையாது. பெட்டிக்கடைக்காரரைக் கேட்டால் "பேரு சார், வெறும் பேரு" என்றார்.

கன்னிமாரா நூலகத்துக்கு ரெண்டு சனிக்கிழமை போய்ச் சென்னை வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியதில் விஷயம் கிடைத்தது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் ஒரு பெரிய ஏரி கிடந்திருக்கிறது, வெள்ளைக்காரன் அதை லாங் டேங்க் என்றான். ஊர் பெருத்துப் போனதால் 1920களில் அதைத் தூர்த்து மனை போட்டார்கள், அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர். இன்றைக்குத் தீபாவளித் துணி எடுக்க நாம் முண்டியடிக்கிற இடம் ஏரியின் வயிறு. மேற்குக் கரையில் இருந்தவர்களுக்கு ஏரி தெரிந்திருக்கிறது, சாலைக்கு அந்தப் பேர் வந்துவிட்டது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறதே, அதுவும் ஏரிக்கரைச் சாலைதான். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரியில்தான்.

2021 நவம்பர் மழையில் தி.நகரிலும் எங்கள் பக்கத்திலும் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, மாடி வீட்டுக்காரர் "நம்ம ஏரியாவுல மட்டும் ஏன் சார் இப்படி நிக்குது" என்று அலுத்துக்கொண்டார். அவர் வாயாலேயே ஏரியா என்கிறார் பாருங்கள். எனக்கு அப்போது பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததால் தண்ணீர் ஒரு அங்குலமும் இறங்கவில்லை, உண்மைதான். ஆனால் தம்பி மனை வாங்கப் போனபோது விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் பழைய பேர் என்ன, பேரில் ஏரி, தாங்கல், மடு ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னேன்.

போனில் தட்டினால் எல்லாப் பதிலும் வந்துவிடுகிறதே, ஏஐ வேறு வந்துவிட்டது. நாமாக யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு கணக்கு. டீயும் மிட்டாயும் சேர்த்து 12 ரூபாய். மிட்டாயைவிட டீ 10 ரூபாய் அதிகம். மிட்டாய் எவ்வளவு?

ரெண்டு ரூபாய் என்று மனசு சொல்லியிருக்கும், எனக்கும் சொன்னது. ரெண்டு என்றால் டீ பன்னிரண்டு ஆகி மொத்தம் பதினாலு வரும். சரியான விடை ஒரு ரூபாய். மட்டையும் பந்தும் வைத்து இதே மாதிரிக் கணக்கை ஷேன் ஃபிரெடரிக் என்ற ஆய்வாளர் 2005-ல் ஒரு பரிட்சையாகவே வெளியிட்டார், பெரிய பல்கலைக்கழகத்து மாணவர்களும் நிறையப் பேர் சறுக்கினார்கள். கணக்கு கஷ்டம் என்பதால் யாரும் சறுக்கவில்லை. முதலில் வந்த விடை அவ்வளவு பளிச்சென்று வருவதால் சரிபார்க்கத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். போனில் வருகிற பதிலும் அதே பளிச்சென்ற ரகம்.

இன்னொன்று. ரோசன்பிளிட், கீல் என்று ரெண்டு பேர் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ் மாதிரி சாதாரணப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போடுங்கள் என்றார்கள். ஆட்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, இப்போது படிப்படியாக எழுதுங்கள் என்றதும் பேனா நின்றுவிட்டது, மறுபடி மதிப்பெண் கேட்டால் குறைத்துப் போட்டார்கள். நானும் ஃபிளஷை எழுதிப் பார்த்தேன், மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டேன். கோப்பைக்கு அடியில் குழாய் ஏன் வளைந்திருக்கிறது? அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்கு மூடி. ஊருக்குப் போய் ஒரு மாசம் கழித்து வந்து கதவைத் திறந்தால் பாத்ரூமில் நாறுவது இதனால்தான், மூடி ஆவியாகிப் போயிருக்கும். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். பினாயில் வாங்கி ஊற்றிய காசையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

போனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். பார்ப்பதற்கு முன் நமக்குத் தெரிந்ததை நாலு வரி எழுதிவிட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஏன் என்று கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாய் என்கிறார்களே?

இது பெரிய கேள்வி. நம் ஊரில் "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்கிறோம், "கேள்வி கேக்காதே" என்றும் சொல்கிறோம், ரெண்டிலும் ஒரே வினைச்சொல். கேள் என்றால் வினவு, கேள் என்றால் காது கொடு. பழைய தமிழில் ரெண்டாவது அர்த்தம்தான் முன்னால் நிற்கிறது, திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் காதால் கேட்டுப் பெறுகிற அறிவைப் பற்றியது. நாம் முதல் பாதியைச் செய்துவிட்டு ரெண்டாவதை விட்டுவிடுகிறோம், அதனால்தான் சண்டை வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில் வினா ஆறு வகை என்று ஒப்பித்தது ஞாபகம் இருக்கிறதா? அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நன்னூலில் வருவது. தெரிந்தே கேட்பது, தெரியாமல் கேட்பது, சந்தேகத்தில் கேட்பது, பருப்பு இருக்கா என்று வாங்கக் கேட்பது, சட்டை இல்லையா என்று கொடுக்கக் கேட்பது, வேலை ஏவக் கேட்பது. ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். "இன்னும் குளிக்கலையா", "ஃபேனை யாரு அணைப்பா", "மணி என்ன தெரியுமா". முக்கால்வாசி ஏவல்வினா. இப்படியே கேட்டுப் பழகின காதில் உண்மையான அறியாவினா விழுந்தாலும் அதட்டல் மாதிரித்தான் கேட்கும்.

குக்கர் கதையைச் சொல்கிறேன். அம்மா துவரம்பருப்புக்கு அஞ்சு விசில் என்பார். ஏன் அஞ்சு என்றேன், எங்கம்மா அஞ்சு வைப்பா என்றார். நான் படித்துவிட்டு வந்து வகுப்பெடுத்தேன்: குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் கிட்டத்தட்ட 120 டிகிரிவரை போகிறது, அதனால்தான் சீக்கிரம் வேகிறது, அழுத்தம் அளவை மீறினால் வெயிட் எழும்பி நீராவியை விடுகிறது, அதுதான் விசில், அடுப்பைப் பெரிதாக வைத்தால் அஞ்சு விசிலும் மளமளவென்று வந்துவிடும், பருப்பு வேகாது, எனவே விசிலை எண்ணுவது தப்பு, முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து நிமிஷத்தை எண்ண வேண்டும். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அதான்டா நானும் முதல் விசில் வந்ததும் சிம்ல வச்சிடறேனே. சிம்ல வச்சா அஞ்சு விசில் வர எவ்வளவு நேரம் ஆகும்னு நீ பார்த்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. சமையலறைக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தவன்.

ஆபீஸில் கேட்டால் பெயர் கெட்டுவிடாதா?

கெடும். எங்கள் ஆபீஸில் மாதக் கடைசியில் ஒரு ஸ்டேட்மென்டை மூன்று பிரதி எடுப்போம். ஒன்று மேனேஜருக்கு, ஒன்று ஃபைலுக்கு, மூன்றாவது ஒரு இரும்பு அலமாரிக்குப் போய்ச் சேரும், அதை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. நோட்டு வாங்கின புதிது, எனக்குக் கொம்பு முளைத்திருந்தது. மீட்டிங்கில் எழுந்து, எல்லோர் முன்னாலும், இந்த மூன்றாவது பிரதி எந்தச் சாமிக்குப் படையல் என்று கேட்டேன். சிரிப்பு வந்தது. மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. அந்த வருஷம் ஆடிட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டதே கைபடாத அந்த மூன்றாவது பிரதியைத்தான், ஃபைலில் இருந்ததை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று ஒத்துப் பார்க்க.

வெட்கமாக இருந்தது. கேள்வியில் தப்பில்லை, பதில் இருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்டதுதான் தப்பு. இப்போதெல்லாம் டீ நேரத்தில் தனியாகப் போய், "இது எப்படி ஆரம்பிச்சது சார்?" என்று கேட்கிறேன். பழைய ஆட்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், அரை மணி பேசுவார்கள்.

சாக்ரடீஸை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது என்பதால் அவரையும் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸில் பெரிய மனிதர்களை எல்லாம் மடக்கி மடக்கிக் கேட்டு, கி.மு. 399-ல், எழுபது வயதில் நஞ்சு குடிக்க வேண்டியதாயிற்று. ஆராய்ந்து பார்க்காத வாழ்க்கை வாழத் தகுந்ததில்லை என்று விசாரணையின்போது அவர் சொன்னதாகப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். எனக்கு ஈஎம்ஐ பாக்கி இருக்கிறது, நான் டீ நேரத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்கள்தானே கடைசியில் எதிலும் சதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறார்கள்?

நல்ல கேள்வி, எனக்கும் பயம் உண்டு. அவர்களை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: செய்தித்தாளை, டாக்டரை, அரசாங்கத்தைச் சந்தேகப்படுவார்கள், தன் கைக்கு வந்த ஃபார்வர்டை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் யோக்கியன் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈசிஆரில் இருக்கிற முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு செய்தி சுற்றியது. கரண்ட் இல்லை, போனில் இருபது சதவீதம் சார்ஜ், அதில் அதை நாலு குரூப்புக்கு அனுப்பினேன். பண்ணைக்காரர்களே மறுத்தார்கள், ஒரு முதலையும் வெளியே போகவில்லை. பண்ணை இருப்பது மாமல்லபுரம் போகிற வழியில், மாம்பலத்திலிருந்து எத்தனையோ மைல். யார் பார்த்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பயந்துபோயிருந்தேன், பயத்தில் இருக்கும்போது கேள்வி வருவதில்லை, அனுப்பத்தான் தோன்றுகிறது.

"எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" குறளை நாம் அடுத்தவனுக்குச் சொல்லத்தான் பயன்படுத்துகிறோம். அந்த யார்யாரில் நம் அண்ணனும் உண்டு, நமக்குப் பிடித்த கட்சியும் உண்டு, நாமும் உண்டு.

யோசித்தால் ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. இது நல்லதா?

அது யோசனை இல்லை, கவலை. ஏரி எங்கே போனது என்று நான் யோசித்தபோது அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போகலாம் என்று ஒரு வேலை கிடைத்தது, கிடைத்ததும் தூங்கிவிட்டேன். "அவன் ஏன் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தான்" என்பது மூன்று மணிவரை செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றும். சுற்ற ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு யாரிடமாவது பேசுங்கள். நாள்கணக்கில் விடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், இல்லாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், எந்த நேரத்திலும் பேசலாம், தமிழில் பேசலாம். இதற்கு நோட்டெல்லாம் உதவாது.

பிள்ளைகள் ஏன் ஏன் என்று பிடுங்குகிறார்கள். எத்தனைக்குத்தான் பதில் சொல்வது?

எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டாம். "தெரியலைடா, பார்க்கலாம்" என்று சொன்னால் அப்பா மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது, சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருந்தால்தான் குறையும்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டே, கடல் ஏன் நீலம் என்றாள். வானம் நீலம், அது கடலில் தெரிகிறது என்றேன். சுண்டலில் கவனமாக இருந்தேன். ராலே என்கிற பெரிய விஞ்ஞானியும் இதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. அதை நம்பாத ஆள், நாங்கள் உட்கார்ந்திருந்த மணலுக்கு எதிரே சாலையைத் தாண்டி இருக்கிற மாநிலக் கல்லூரியில் படித்தவர், சி.வி.ராமன். 1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துவிட்டு, கையோடு வைத்திருந்த ஒரு சின்ன நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பில் பிரதிபலிக்கிற ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிம்பம்தான் நீலம் என்றால் நீலம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அதைப் பிடித்துக்கொண்டு போன வேலைதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் வந்து நின்றது, 1930-ல் நோபல். கதை அங்கேயும் முடியவில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதுதான் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் அவரையும் திருத்தினார்கள்.

கடலைப் பார்த்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கப்பல் ஏறும்போது பையில் பட்டகம் எடுத்து வைத்துக்கொண்டவர் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

மாம்பலத்திலிருந்து கிண்டிக்கு ரெண்டாவது ஸ்டேஷன், எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதில் போனை வெளியே எடுப்பதில்லை. தாம்பரம்வரை போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஏசி இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

பால் பாக்கெட்டிலிருந்து. ஆவினில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கேட்டு வாங்குகிறோம், நிறத்துக்கு என்ன அர்த்தம்? பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும்: நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் நாலரை, ஆரஞ்சில் 6. இருபது வருஷம் பச்சை வாங்கினேன், அம்மா பச்சை வாங்குவார் என்பதற்காக.

இப்போது நோட்டில் என்ன கேள்வி ஓடுகிறது?

போன வாரம் மகள் எனக்குத் தெரியாமல் நோட்டை எடுத்து இடது பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: "அப்பா தினமும் காபியில் முதல் வாய் குடித்துவிட்டு நல்லா இல்லை என்கிறார், அப்புறம் டம்ளரைக் கவிழ்த்து சொட்டு விடாமல் குடிக்கிறார், ஏன்?" வலது பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. ரெண்டு நாளாக முதல் வாய் குடிக்கும்போது அவளும் அம்மாவும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.